ஜனாதிபதியிடம் சொன்னது

அந்தக் கட்டிடத்துக்கு மூலை கிடையாது. கூட்டித் துடைத்துப் பிழைப்பவளுக்கு மூலையில்லாத கட்டிடம் வாய்த்தால் கொடுத்துவைத்தவள் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். நானும் முதல் நாள் அப்படித்தான் நினைத்தேன். ஒரு கிழமை போவதற்குள் ஒரேயொரு மூலையாவது இருந்திருக்கலாம் என்று ஏங்கத் தொடங்கிவிட்டேன். மூலை என்றால் ஓரிடம் அங்கே முடிகிறது என்று அர்த்தம். இங்கே எதுவும் முடியாது. நடைபாதை வளைந்துகொண்டே போகும். முன்னால் ஏழெட்டுக் கதவுகள் தெரியும், அதற்கு அப்பால் சுவர் வளைந்து மறைத்துவிடும். நாம் நடக்க, அந்த மறைவும் நமக்கு முன்னால் நடக்கும். எவ்வளவு விரைவாக நடந்தாலும் அதைப் பிடிக்க முடியாது.

பெர்லினில், பெரிய பூங்காவின் மரங்களுக்குள், ஜெர்மன் ஜனாதிபதியின் அலுவலகமாக இருந்த கட்டிடத்தைத்தான் சொல்கிறேன். பக்கத்தில் பழைய வெள்ளை மாளிகை ஒன்று நிற்கிறது. படங்களில் வருவது அதுதான். ஜனாதிபதி இருப்பதும் விருந்தாளிகளைச் சந்திப்பதும் அங்கே. அவருக்காக எழுதுகிறவர்கள், படிக்கிறவர்கள், அவர் எந்த ஊருக்குப் போக வேண்டும், யாருக்குக் கை கொடுக்க வேண்டும் என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் இருப்பது எங்கள் கட்டிடத்தில். நீள்வட்ட வடிவம். பெர்லின்காரர் அதை முட்டை என்றே சொல்வார்கள். வெளியே முழுவதும் கறுப்புக் கல், முகம் பார்க்கலாம் போல மினுக்கியது. கோடையில் மரங்கள் அந்தக் கல்லில் தெரியும்போது பார்க்க அழகாகத்தான் இருக்கும். மாரியில், இலை கொட்டிய மரங்கள் அதற்குள் நிற்பதைப் பார்த்தால், உள்ளே இன்னொரு காடு இருக்கிறது, அதற்குள்தான் நான் போகப்போகிறேன் என்று தோன்றும். மாரியில் நான் வேலைக்குப் போய்ச் சேரும் நேரத்துக்கே இருட்டத் தொடங்கிவிடும்.

அதற்கு முன்பு ஜெர்மனியின் மேற்கே ஹம் நகரில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். என் கணவருக்கு பெர்லினில் ஓர் உணவகத்தின் சமையலறையில் நிரந்தர வேலை கிடைத்ததும் மகளையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். துப்புரவுக் கொம்பனி ஒன்றில் சேர்ந்தேன். அவர்கள் என்னை எங்கெல்லாமோ அனுப்பிவிட்டு, என்னைப்பற்றி நன்றாக விசாரித்து முடித்த பிறகு, இந்தக் கட்டிடத்துக்கு அனுப்பினார்கள். பின்னேர வேலை. உத்தியோகத்தர்கள் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போகும்போது நாங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவோம்.

என் கணவர் பொய் சொல்லத் தெரியாத மனுஷன். ஆனால் ஒரு வசனத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். "என்ரை மனிசிக்கு ஜனாதிபதியின்ரை ஒஃபிசிலை வேலை" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு, அதற்கு மேல் ஒரு சொல் சொல்லமாட்டார். மற்றவர்கள் மிச்சத்தைத் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள். செய்தி ஹம்மில் இருந்த அவருடைய தமையனுக்குப் போய், அங்கிருந்து பீலெஃபெல்ட், டுசல்டோர்ஃப் என்று ஊர் ஊராகச் சுற்றியது. கடல் தாண்டி வன்னியில் இருந்த என் தங்கச்சியிடம் போய்ச் சேர்ந்தபோது நான் ஜனாதிபதியின் மேசைக்குப் பக்கத்திலேயே கதிரை போட்டு இருக்கிறவளாகிவிட்டேன். எனக்கு முதலில் எரிச்சல் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. சிரித்தது போதாதென்று, திருத்துவதற்கும் சோம்பல் பட்டுவிட்டேன். வன்னியிலிருந்து வரும் தொலைபேசி ஒரு நிமிடம் அறாமல் நின்றாலே பெரிய விஷயம். அந்த ஒரு நிமிடத்தில் வாளியையும் துடைப்பத்தையும்பற்றி யார் பேசுவார்கள்?

உள்ளே போனால் கூரை கண்ணாடி. நாலு மாடியும் வளையம் வளையமாக ஒன்றின்மேல் ஒன்று. வளையத்தின் வெளிப்பக்கம் அறைகள், உள்பக்கம் திறந்த மண்டபம். மண்டபத்தின் நடுவில் சதுரமாக இன்னொரு கட்டிடம் எழும்பி நிற்கும், வளையத்திலிருந்து அதற்குப் போகச் சிறு பாலங்கள். அதைக் கட்டியவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, ஆனால் எங்கள் ஆட்கள் யார் பார்த்தாலும் முதலில் சொல்வது ஒன்றைத்தான்: கோயில். நடுவில் மூலஸ்தானம், சுற்றிவர உள்வீதி. நான் வேலை தொடங்கிய நாளிலிருந்து லிப்டிலிருந்து இறங்கியதும் என் கால் தானாக இடது பக்கம் திரும்பும், நடுக்கட்டிடம் எனக்கு வலப்பக்கம் இருக்கும்படி. வலமாகச் சுற்றித்தான் கூட்டுவேன், வலமாகச் சுற்றித்தான் துடைப்பேன். யாரும் சொல்லித் தரவில்லை. கோயிலில் யாரும் யோசித்துக்கொண்டா வலம் வருகிறார்கள்? எங்களுக்குப் பொறுப்பாக இருந்த போலந்துக்காரி அதைக் கவனித்திருக்கிறாள், ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குத் தரை சுத்தமானால் சரி.

அந்த மாடிகளில் விளக்கு ஆளைக் கண்டு எரியும். நடந்தால் முன்னால் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு போகும், கடந்து போனதும் பின்னால் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வரும். குனிந்து ஓரிடத்தில் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தால் ஆளில்லை என்று நினைத்து அணைந்துவிடும். கையைத் தூக்கி ஆட்ட வேண்டும், நான் இங்கே இருக்கிறேன் என்று காட்ட வேண்டும். நாளொன்றுக்கு எத்தனையோ தடவை அப்படிக் கையைத் தூக்கியிருக்கிறேன். அது போதாதென்று, பூட்டிய அறைகளுக்குள் தொலைபேசி அடிக்கும். எடுக்க ஆளில்லை என்று தெரியாமல் எங்கோ ஒருவர் காத்துக்கொண்டிருப்பார். நாங்கள் எடுக்கக் கூடாது. அடித்து அடித்து ஓய்ந்துபோகும். பிறகு அடுத்த வளைவில் இன்னொன்று தொடங்கும். வெளிச்சத்தம் ஒன்றும் உள்ளே வராது. ஒரு மரம் காற்றுக்கு ஆடுவதைக் கண்ணாடிக்கு அப்பால் காணலாம், கேட்க முடியாது.

பேய், பிசாசு என்று நான் சொல்ல வரவில்லை. பேய் குடியிருக்க ஒரு கட்டிடத்துக்குக் கொஞ்சமாவது வயதாக வேண்டும், அங்கே யாராவது செத்திருக்க வேண்டும். இது புத்தம் புதிய கட்டிடம். கட்டியபோது பூசிய பூச்சின் மணம்கூட முழுதாகப் போகவில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. அங்கே பயப்பட எதுவும் இல்லை. அதனால்தான் பயம் வந்தபோது அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

இலங்கையில் போரின் கடைசி மாதங்கள் வந்தன. வன்னியில் சனம் ஊர் ஊராக ஓடி, கடைசியில் கடலுக்கும் நீரேரிக்கும் நடுவில் ஒரு கீலம் நிலத்துக்குள் போய் ஒடுங்கியது. என் தங்கச்சி அதற்குள் இருந்தாள். கணவன் முந்தியே இல்லை. மகன் ஒன்று, மகள் ஒன்று. மகன் என் மகளைவிட ஒரு வயது மூப்பு. நான் அவனைப் படத்தில் மட்டுமே கண்டிருக்கிறேன், என் தகப்பனின் காதுகள் அப்படியே அவனுக்கு.

வேலைக்குள் போகும்போது ஹண்டியை, அதுதான் கைத்தொலைபேசியை, வாசலில் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். முன்பெல்லாம் அது எனக்குப் பெரிய நிம்மதி, பின்னேரத்தில் கடன் கேட்கிறவர்களும் கலியாணம் பேசுகிறவர்களும் என்னைப் பிடிக்க முடியாது. இப்போது அந்த நேரம் முழுக்க எனக்கு மூச்சு முட்டியது. தங்கச்சி எப்போது எடுப்பாள் என்று சொல்ல முடியாது. எங்கோ ஒரு சற்றலைட் போனுக்கு முன்னால் வரிசையில் நின்று, முறை வந்தால் எடுப்பாள். பூட்டிய அறைகளுக்குள் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் கூட்டுவதை நிறுத்திவிடுவேன். கதவுக்கு முன்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். விளக்கு அணைந்துவிடும். இருட்டுக்குள் அது அடித்துக்கொண்டிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுத் தொலைபேசிக்கு எடுத்தாள். பின்னால் இரைச்சல், காற்றா வேறெதுவுமா தெரியவில்லை. சுகம் கேட்கவில்லை, பிள்ளைகளைப்பற்றிச் சொல்லவில்லை. நெடுநாளாக யோசித்து வைத்ததைச் சொல்கிறவள் போல ஒரே மூச்சில் சொன்னாள்.

"அக்கா, நீங்கள் அவருக்குக் கிட்ட இருக்கிறியள். அவரிட்டைச் சொல்லுங்கோ. சின்னப்பிள்ளையள் இருக்கினம் எண்டு சொல்லுங்கோ. செல் அடிக்கிறதை மட்டும் நிப்பாட்டச் சொல்லுங்கோ. சொல்லுவியள்தானே?"

நான் என்ன சொல்லியிருக்க முடியும்? ஜெர்மன் ஜனாதிபதிக்கு அப்படியொரு அதிகாரம் இல்லை, கையெழுத்துப் போடுவதும் நல்லது சொல்வதும்தான் அவர் வேலை என்றா? நான் அவருடைய ஆட்களின் குப்பைக் கூடைகளை வெறுமையாக்குகிறவள், அவரை ஒருநாளும் நேரில் கண்டதில்லை என்றா? பதுங்குகுழிக்குள் இருக்கிறவளுக்கு அரசியல் யாப்பு விளங்கப்படுத்துகிற அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரி இல்லை. "ஓம், சொல்லுறன்" என்றேன். தொலைபேசி அறுந்துவிட்டது.

என் கணவர் குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றுதான் அவர் தன்னுடைய வசனத்தின் மிச்சத்தை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். முகம் செத்துப்போய் இருந்தது. திட்டவேண்டும் என்று வாய்வரைக்கும் வந்தது. திட்டவில்லை, அவரைத் திட்டினால் மட்டும் என்ன ஆகிவிடும்?

அந்த நாட்களில் ஒவ்வொரு ஊரிலிருந்தும் எங்கள் சனம் பஸ் பிடித்து ஊர்வலத்துக்கு பெர்லினுக்கு வந்தது. ஹம்மிலிருந்து வந்த அவருடைய தமையன் எங்கள் வீட்டில்தான் தங்கினார். கத்திக் கத்தித் தொண்டை கட்டி, தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "நாங்கள் றோட்டிலை நிண்டு கத்திறம் பிள்ளை. ஒருத்தருக்கும் கேக்கேல்லை. நீ உள்ளுக்கை நிக்கிறாய்." அவருக்கு நான் என்ன வேலை செய்கிறேன் என்று நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டும் சொன்னார். எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அவர் சொன்னது எனக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

நான் ஒரு வசனத்தைப் பாடமாக்கத் தொடங்கினேன், ஜெர்மனில். என் மகள்தான் திருத்தித் தந்தாள், பள்ளிக்கூடத்தில் பேசுகிற சுத்தமான ஜெர்மன். மன்னிக்க வேண்டும், என் தங்கை அங்கே இருக்கிறாள், அவளுக்கு இரண்டு பிள்ளைகள், குண்டு போடுவதை நிறுத்தும்படி தயவுசெய்து சொல்லுங்கள். அவ்வளவுதான். யாராவது பிந்திப் போகிற ஓர் உத்தியோகத்தரை நடைபாதையில் கண்டால் சொல்லிவிடுவது என்று வைத்துக்கொண்டேன். வேலை போனால் போகட்டும். வண்டியைத் தள்ளிக்கொண்டு அதையே முணுமுணுத்தபடி சுற்றுவேன். ஆனால் அந்தக் கிழமை முழுக்க என் மாடியில் ஒருவரும் பிந்தவில்லை. கதிரைகளில் கோட்டின் சூடுகூட இருக்காது, அப்படி வேளைக்குப் போய்விட்டார்கள்.

பிறகு ஒருநாள் லிப்ட் பழுது. வண்டியை மற்றப் பக்கத்து லிப்டில் ஏற்றி, அங்கிருந்து வேலையைத் தொடங்கி, எதிர்ப்பக்கமாகச் சுற்றி வரும்படி போலந்துக்காரி சொன்னாள். குப்பைப் பைகளை அப்படிக் கொண்டுவந்தால்தான் இறக்க வசதி. அவள் சொன்னதில் பிழையே இல்லை. எனக்குக் கால் வரவில்லை. இடமாகச் சுற்றுவது எங்களில் எப்போது என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? சுடலையில், கொள்ளிக்குடத்தோடு. வேறெதற்கும் நாங்கள் அப்படிச் சுற்றமாட்டோம். தங்கச்சி அப்படியோர் இடத்தில் கிடக்கும்போது, நான் மூலஸ்தானத்தை இடமாகச் சுற்றுவதா? ஏலாது என்றேன். ஏன் என்று கேட்டாள். தலை சுற்றும் என்று சொன்னேன், அந்த ஜெர்மன் சொல்தான் வாயில் வந்தது. அவள் சிரித்துவிட்டு, மெதுவாகச் செய், விழாதே என்று சொல்லிக் கீழே போய்விட்டாள்.

மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இடமாகச் சுற்றத் தொடங்கினேன். பழகிய நடைபாதைதான், ஆனால் எல்லாக் கதவுகளும் பிழையான பக்கத்திலிருந்து வந்தன. எந்த அறையை முடித்தேன், எதை முடிக்கவில்லை என்று குழம்பியது. சில அறைகளைக் கூட்டிவிட்டு வெளியே வந்தபோது, எனக்கு முன்னால், சுவர் வளைந்து மறைகிற இடத்தில், விளக்கு ஒன்று எரிந்தது. நான் நின்றுகொண்டிருந்தேன். நான் ஏற்றிய விளக்கு அல்ல. பிறகு அதற்கு அடுத்தது எரிந்தது. யாரோ எனக்கு முன்னால் நடந்து போகிறார்கள்.

பயம் வரவில்லை, சொன்னால் நம்புங்கள். சந்தோஷம்தான் வந்தது. பிந்திய ஒருவர் அகப்பட்டார். வண்டியை விட்டுவிட்டுப் பின்னால் போனேன். காலடிச் சத்தம் கேட்டது, அவசரமில்லாத நடை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பவர்களின் நடை. வணக்கம் சொன்னேன். பதில் இல்லை. விரைவாக நடந்தேன். விளக்குகள் அதே தூரத்தில் எனக்கு முன்னால் எரிந்துகொண்டு போயின. வளைவுக்கு அப்பால் ஒரு தோள், ஒரு சப்பாத்து, ஏதாவது கண்ணில் படும் என்று பார்த்தேன். ஒன்றும் படவில்லை. நடந்து நடந்து என்னுடைய வண்டிக்கே வந்து சேர்ந்தேன். அதைத் தாண்டிப் போனேன். காலடிச் சத்தம் நிற்கவில்லை. எனக்கு ஓட வேண்டும் போல் இருந்தது. அந்தக் கட்டிடத்தில் யாரும் ஓடி நான் கண்டதில்லை, ஆனாலும் ஓடினேன், ஐயா, ஐயா என்று தமிழிலேயே கூப்பிட்டுக்கொண்டு.

ஓர் அறைக்கதவு திறந்திருந்தது. கூட்டம் நடத்துகிற அறை, வழமையாகப் பூட்டியிருப்பது. காலடிச் சத்தம் அங்கேதான் முடிந்தது. நான் வாசலில் நின்று சப்பாத்தைக் கழற்றினேன். ஏன் கழற்றினேன் என்று இன்றைக்கும் தெரியாது. கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனேன். விளக்கு எரிந்தது. நீளமான மேசை, சுற்றிவரக் கதிரைகள். யாரும் இல்லை. யன்னல் கண்ணாடி கறுத்துப்போய் இருந்தது, அதற்குள் மேசையும் கதிரைகளும் நானும். மேசையின் தலைமாட்டில் ஒரு கதிரை மட்டும் வெளியே இழுபட்டிருந்தது. உள்ளே தள்ளிவிடலாம் என்று கையை வைத்தேன். இருக்கை சூடாக இருந்தது.

கையை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தேன். மேசையின் மற்ற முனையில் நின்றேன். இப்போது சொல்லாவிட்டால் இனி ஒருநாளும் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. மகள் திருத்தித் தந்த வசனத்தைச் சொன்னேன். ஒரு பிழையும் விடாமல் சொன்னேன். அது என் காதுக்கே யாரோ வானொலியில் பேசுவது போல் இருந்தது. அதனால் தமிழில் தொடங்கினேன். தங்கச்சியின் பெயரைச் சொன்னேன், பிள்ளைகளின் பெயர்களைச் சொன்னேன். அவள் சின்ன வயதில் தண்ணிக்குப் பயந்தவள், இப்போது கடற்கரையில் கிடக்கிறாள் என்றேன். அவன் என் தகப்பனின் காதுகளோடு பிறந்தவன் என்றேன். அவர்கள் யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யவில்லை, நிறுத்தச் சொல்லுங்கோ, உங்களைக் கும்பிட்டேன் என்றேன். கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டேன்.

விளக்கு அணைந்தது. என் கை மேலேதான் இருந்தது, ஆட்டினேன். எரியவில்லை. நடந்து பார்த்தேன், எரியவில்லை. அந்த இருட்டுக்குள் நான் தனியாக இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. என்னைத் தவிர இன்னொருவர் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் பயந்தேன். என் வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை. பிறகு வெளியே, நடைபாதையில் விளக்கொன்று எரிந்தது. அதற்கு அப்பால் இன்னொன்று. காலடிச் சத்தம் மெதுவாக, வந்தது போலவே அவசரமில்லாமல், வளைவைத் தாண்டிப் போனது.

போலந்துக்காரி வந்து என் தோளைத் தொட்டபோது நான் தரையில் இருந்தேன். அவள் முதலில் வாசலில் கிடந்த என் சப்பாத்துகளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கழுத்திலிருந்த சிலுவையைக் கையால் பிடித்துக்கொண்டாள். நான் விழுந்துவிட்டேன் என்று பயந்து ஏறி வந்ததாகச் சொன்னாள். கீழே மண்டபத்தில் நின்று பார்த்தால் எந்த மாடியில் ஆள் நடமாடுகிறது என்று விளக்கைப் பார்த்தே தெரியும். இவ்வளவு நேரமும் என் மாடி முழுக்க இருட்டாகவே கிடந்ததாம். ஒரு விளக்குக்கூட எரியவில்லையாம்.

நான் எழும்பிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டேன். அவள் கொம்பனிக்கு ஒன்றும் அறிவிக்கவில்லை. அடுத்த நாள் லிப்டைத் திருத்திவிட்டார்கள். வீட்டில் என் கணவரிடம் மட்டும் சொன்னேன். "நீர் நித்திரையில்லாமல் கிடக்கிறீர், அதுதான்" என்றார். இருக்கலாம். நான் ஒரு வெறும் கதிரையிடம் பேசிவிட்டு வந்தவள், அவ்வளவுதான் என்று எனக்கும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். ஆனால் அதற்குப் பிறகு கொஞ்ச நாட்கள் எனக்கு மனம் லேசாக இருந்தது. சொன்னதைச் செய்துவிட்டேன் என்ற நினைப்பு. அந்த லேசு நெடுநாள் நிற்கவில்லை. செல் விழுந்துகொண்டேதான் இருந்தது. ஒவ்வொரு நாளும் கணினிக்கு முன்னால் இருந்து படங்களைப் பார்த்தோம், என் தகப்பனின் காதுகளைத் தேடினேன். மரங்கள் தளிர்த்தன. கறுப்புக் கல்லில் பச்சை தெரிந்தது. எனக்கு அந்தப் பச்சையைப் பார்க்கவே கோபம் வந்தது. பிறகு எல்லாம் முடிந்துவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள். தங்கச்சியைப்பற்றி ஒரு தகவலும் இல்லை.

போருக்குப் பிறகு சனத்தை அடைத்துவைத்த முகாமிலிருந்து அவள் எடுத்தபோது நல்ல கோடை. யாருடையதோ தொலைபேசி, ஒளித்துவைத்துப் பேசுகிறாள் என்று குரலிலேயே தெரிந்தது. "அக்கா, நான்தான்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளைகள் எப்படி என்று கேட்டேன். சின்னவள் பக்கத்தில் நிற்கிறாள் என்றாள். பெரியவனைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பிள்ளைகளின் தாயிடம் கேட்கும்போது ஒரு பிள்ளையை மட்டும் சொன்னால், மற்றதைக் கேட்கத் தேவையில்லை. நான் கேட்கவில்லை.

"நீங்கள் அவரிட்டைச் சொல்லிப்போட்டியள் எண்டு எனக்கு அப்பவே விளங்கினது அக்கா," என்றாள். "ஒருநாள் விடியப்புறம் செல் நிண்டது. கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. சனம் எழும்பி நீரேரிக்குள்ளாலை நடந்தது. நான் எல்லாருக்கும் சொன்னனான், என்ரை அக்கா சொல்லிப்போட்டா, இனிப் பயப்பிடாதேங்கோ எண்டு. என்னோடை கன சனம் வந்தது."

அவள் மூச்சு விடுவது கேட்டது.

"பெரியவன் அதுக்கு முதல் நாள் பின்னேரம் போயிட்டான். மண்ணைத் தள்ளி மூடிப்போட்டு வந்திட்டன்." பிறகு, ஒரு கடைக்குப் போய் வரப் பிந்தியவளைக் கேட்பது போல, கோபமே இல்லாமல் கேட்டாள். "ஒரு நாள் முந்திச் சொல்லியிருக்க ஏலாதே அக்கா?"

நான் சொன்னது மாரியில். அதற்குப் பிறகு எத்தனை கிழமைகள் செல் விழுந்தது. அவள் நீரேரியைக் கடந்த நாளுக்கும் நான் அந்த அறையில் கும்பிட்ட நாளுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அதைச் சொல்லலாம். சொன்னால், அவளுக்காக இந்த உலகத்தில் யாரோ ஒருவர் ஒரு நாளாவது காது கொடுத்தார் என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பதும் போய்விடும். அவளிடம் மிஞ்சியிருந்தது சின்னவளும் அந்த நினைப்பும்தான்.

"பிந்திப்போனன் தங்கச்சி," என்றேன்.

"பரவாயில்லை அக்கா," என்று அவள் என்னைத் தேற்றினாள்.